வெள்ளைக் குட்டிதான் வேண்டும் என்றாய்

எங்கள் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் குடியிருக்கும் பெண் நேற்று மாலை வந்து கதவைத் தட்டினாள். வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன அவளுக்கு. "ஸார், நான் ஒரு நாய் வளர்க்கப் போறேன். லாப்ரடாரா, பீகிளா, எது எடுக்கலாம்? அம்மா உங்களைக் கேக்கச் சொன்னா," என்றாள். நாய் இன்னும் முடிவாகவில்லை. கழுத்துப் பட்டை மட்டும் வாங்கிவிட்டாள். புதுத் தோல். பார்க்கச் சொல்லி என் கையில் கொடுத்தாள். முகத்தருகே கொண்டுபோனேன். அவ்வளவுதான். செம்பூர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன், தாராவியில் அண்ணாச்சியின் தோல் கிடங்கு வாசலில், உன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அந்தப் பெண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்லி அனுப்பினேன். வீட்டின் அளவைப் பார், உனக்கு வீட்டில் இருக்கக் கிடைக்கும் நேரத்தைப் பார், அது ஓடுகிற நாயா, மடியில் கிடக்கிற நாயா என்று பார். "எதை எடுத்தாலும், எடுக்கறதுக்கு முன்னாடி அதுக்குப் பின்னால நின்னு ஒரு தடவை கை தட்டிப் பாரும்மா," என்றும் சொன்னேன். கிழவர் வேடிக்கையாகப் பேசுகிறார் என்று நினைத்தாளோ என்னவோ, சிரித்துக்கொண்டே மாடிப்படி ஏறிப் போனாள்.

அவள் போன பிறகு உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ போன பிறகும் உன்னோடு பேசுவது எனக்கு நின்றபாடில்லை.

நமக்கும் அப்போது அந்தப் பெண்ணின் வயதுதான். அறுபதுகளின் நடுப்பகுதி. செம்பூரில், சால் என்று சொல்லும் வரிசைக் குடியிருப்பு ஒன்றில், நீளமான பொதுத் தாழ்வாரத்தின் கோடியில், ஒற்றை அறையை நாம் இருவரும் பகிர்ந்துகொண்டிருந்தோம். நான் மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூடத்தில் புது ஆசிரியன். நீ டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் ஷிப்டு வேலை பார்த்தாய். நான் தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவன். நீ ராஜபாளையத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து ரயிலேறி வந்தவன். வேலை நிரந்தரமான அன்று, எல்லோரும் கைக்கடிகாரமோ டிரான்சிஸ்டரோ வாங்கும்போது, நீ ஒரு சங்கிலி வாங்கிக்கொண்டு வந்தாய்.

"என்னது இது?" என்றேன்.

"நாய்ச் சங்கிலி."

"நாய் எங்க?"

"இனிமேதான் வாங்கணும். வாத்தியாரு நீரு எதுக்கு இருக்கீரு? எந்த நாய் நல்ல நாய்னு படிச்சுச் சொல்லும் வே."

நான் படிக்கத்தான் செய்தேன். மாட்டுங்கா நூலகத்தில் படம் போட்ட ஒரு புத்தகம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் பார்த்துவிட்டு வந்து உனக்கு ஒவ்வொன்றாகச் சொல்வேன். அல்சேஷன் புத்திசாலி, ஆனால் டிராம்பே பங்களாக்களில் இருக்கும் அதிகாரிகள்தான் அதற்குக் கறி போட முடியும். பொமரேனியன் சின்ன அறைக்கு ஏற்றது, ஆனால் இந்த ஊர்ப் புழுக்கத்தில் அந்தச் சடையை வைத்துக்கொண்டு அது என்ன பாடுபடும்? டாஷண்ட் என்று ஒன்று, கால் குட்டை, உடம்பு நீளம்.

"லோக்கல் ரயில் மாதிரி இருக்குமோ?" என்றாய். "அதை இழுத்துக்கிட்டு நான் வெளிய போனா தாதரு ஸ்டேஷன் எப்ப வரும்னு கேப்பானுவ."

நான் விடவில்லை. வகுப்பில் சொல்வதைப் போல உதாரணம் சொன்னேன். "செருப்பு வாங்கப் போனா நம்ம கால் அளவைத்தானே முதல்ல பாக்குறோம்? நாயும் அப்படித்தான். நம்ம அறைக்கும் நம்ம வேலைக்கும் எது பொருந்தும்னு பாரு."

"செருப்பு கூப்பிட்டா வருமா வே?" என்று கேட்டுவிட்டுப் பெரிதாகச் சிரித்தாய்.

அன்று நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

எந்த நாய் என்பதை நீ எப்போதோ முடிவு செய்துவிட்டாய் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உங்கள் ஊரில் ஒரு பெரிய வீடு. அந்த வீட்டில் வெள்ளை வெளேரென்று வேட்டை நாய்கள். உன் அப்பா அந்த வீட்டு நாய்களுக்குக் கம்பங்கூழ் காய்ச்சி ஊற்றுகிற வேலையில் இருந்தார். "நாயி குடிச்சது போக மிச்சம் இருந்தா எங்களுக்கு," என்று ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாய். சொல்லிவிட்டு ஊறுகாயை எடுத்துத் தரச் சொன்னாய். அந்த வீட்டுக் குட்டிகளை அவர்கள் உறவுக்குள்ளேதான் கொடுப்பார்களாம். உடம்பில் ஒரு மறு விழுந்து பிறந்த குட்டியை மட்டும் கழித்து வெளியே தள்ளுவார்களாம். நீ உன் அப்பாவுக்குக் கடிதம் எழுதச் சொன்னபோது, "பொங்கலுக்குள்ள நம்ம வீட்டுல ராஜபாளையம் நிக்கும்" என்று சேர்க்கச் சொன்னாய். நான் எழுதினேன். பம்பாயில் அது எங்கே கிடைக்கும் என்று நான் கேட்கவில்லை. உனக்குத் தெரிந்திருந்தது.

தாராவியில் தோல் வியாபாரம் செய்த அண்ணாச்சி உங்கள் பக்கத்துக்காரர். கிடங்குக் காவலுக்கு ஊரிலிருந்து ஒரு ஜோடி கொண்டுவந்திருந்தார். அது குட்டி போட்டிருந்தது. நாம் போனபோது இரண்டுதான் மிச்சம். உப்புப் போட்டு அடுக்கிய தோல்களுக்கு நடுவே ஒரு சாக்கின் மேல் கிடந்தன. ஒன்று முழு வெள்ளை. மூக்கும் உதடும் ரோஜா நிறம். மற்றதற்கு ஒரு காதில் பழுப்பாக ஒரு திட்டு, யாரோ காப்பியைச் சிந்தின மாதிரி.

அண்ணாச்சி நாக்கைத் தட்டிச் சத்தம் செய்தார். திட்டு விழுந்தது விழுந்தடித்து ஓடி வந்து என் செருப்பைக் கடித்தது. வெள்ளை எழுந்திருக்கவே இல்லை. தலையை நிமிர்த்தி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

"பாத்தீரா தம்பி? பெரிய எடத்துப் பிள்ளை. கூப்பிட்ட சத்தத்துக்கெல்லாம் எந்திரிக்காது," என்றார் அண்ணாச்சி. அவர் ஏமாற்றவில்லை. அவரும் அதை அப்படித்தான் நம்பினார். உங்கள் ஊரே அப்படித்தான் நம்பியது. "மூக்கு ரோசாவா இருக்கு பாரும். கலப்பே கெடையாது. மத்தது காதுல மறு விழுந்தது. நம்ம ஊருல வீட்டுல வெச்சுக்க மாட்டாவ."

நான் திட்டுக் குட்டியைத் தூக்கிவைத்திருந்தேன். அது என் கழுத்தை நக்கியது. "இது நல்லா ஓடி வருதே," என்றேன்.

நீ அதைத் தடவிக்கூடப் பார்க்கவில்லை. "தள்ளிக் குடுத்ததை வாங்கி வாங்கியே எங்கய்யா காலம் போச்சு வாத்தியாரே," என்றாய். வெள்ளையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நடந்தாய். பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள் என்பதால் சயான் வழியாகச் செம்பூர் வரை நடந்தே வந்தோம். வழியெல்லாம் உன் நெஞ்சு ஒரு பக்கம் மட்டும் புடைத்திருந்தது.

துரை என்று பெயர் வைத்தாய். பெரிய வீட்டு எசமானை உங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் அழைப்பார்களாம். இனி தினமும் நீ "துரை, இங்க வாலே" என்று சொல்லலாம் என்பதில் உனக்கு ஒரு சந்தோஷம். ஆனால் துரை வரவில்லை. கூப்பிட்டால் வராது, தட்டில் சோற்றைக் கண்டால் வரும். கதவைத் திறந்து உள்ளே வந்தாலும் தூங்கிக்கொண்டே இருக்கும்; பக்கத்தில் போனபிறகுதான் திடுக்கிட்டு எழும். சால் முழுக்க அதன் கர்வம் பிரபலமாகிவிட்டது. சித்தி என்ற பொருளில் எல்லோரும் மாவ்ஷி என்று அழைத்த எதிர் அறை மராட்டிக்காரி தண்ணீர் பிடிக்கும்போது, "அரே மாஸ்டர், தும்ஹாரா துரை தோ படா சாஹேப் ஹை, சலாம் பீ நஹி லேதா," என்பாள். சலாம் வைத்தால் கூட வாங்கிக்கொள்ளாத பெரிய துரையாம். உனக்கு அது பாராட்டாகப் பட்டது.

உன் அப்பாவுக்கு அனுப்ப மாட்டுங்காவில் ஒரு ஸ்டூடியோவில் படம் எடுத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? படமெடுப்பவர் குழந்தைகளுக்கு வைத்திருந்த கிலுகிலுப்பையை ஆட்டினார், மணியடித்தார், பூனை மாதிரி கத்தினார், கடைசியில் ஸ்டூலையே தட்டினார். துரை அவர் பக்கம் திரும்பவே இல்லை. உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்படியே எடுத்தார். அந்தப் படம் ஊருக்குப் போனதும், உன் அப்பா அதைத் தெருவெல்லாம் காட்டிவிட்டு, யாரையோ விட்டு எழுதியனுப்பியிருந்தார்: எசமானைத் தவிர வேறு முகத்தை ஏறிட்டுப் பார்க்காத நாய், அந்த வீட்டில்கூட இப்படி ஒன்று இருந்ததில்லை. நான் அதைப் படித்துக் காட்டினேன். நீ இன்னொரு தடவை படிக்கச் சொன்னாய்.

அப்புறம் தீபாவளி வந்தது.

சாலின் முற்றத்தில் பிள்ளைகள் வெடித்துக்கொண்டிருந்தார்கள். தெரு நாய்கள் எல்லாம் வாலைச் சுருட்டிக்கொண்டு எங்கெங்கோ ஓடி ஒளிந்துவிட்டன. துரை தாழ்வாரத்தில், எல்லோருக்கும் நடுவில், குறுக்கே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. "பாத்தீங்களா வீரத்தை!" என்று நீ எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாய். குஜராத்தி மளிகைக்காரர் கைதட்டினார். மாவ்ஷி திருஷ்டி கழிக்க வேண்டும் என்றாள். யாரோ ஒரு சரவெடியைக் கொண்டுவந்து துரையின் முதுகுக்குப் பின்னால் முற்றத்தில் வைத்துக் கொளுத்தினார்கள். அது வெடித்து ஓயும்வரை எனக்கே காது அடைத்துப்போயிற்று. துரையின் காது நுனிகூட அசையவில்லை.

எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். நீயும் சிரித்துக்கொண்டிருந்தாய். சிரிப்பு உன் முகத்தில் நின்றது. பிறகு அது சிரிப்பாக இல்லை. நீ அறைக்குள் போய்ச் சோற்றுப் பானையையும் கரண்டியையும் எடுத்து வந்தாய். துரைக்குப் பின்னால் மெதுவாகக் குந்தி, தலைக்குப் பக்கத்தில் பானையை ஓங்கி அடித்தாய். அது தூங்கியது. மறுபடி அடித்தாய். பானை ஒடுங்கியது. துரை தூங்கியது. உன் மூச்சு அதன் கழுத்து மயிரில் பட்டபோதுதான் கண்ணைத் திறந்து, உன்னைப் பார்த்து, வாலை ஆட்டியது.

கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. அதுவே பெரிய உபகாரமாக இருந்தது.

பரேலில் ஒரு மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். அவர் பின்னால் நின்று விசிலடித்துப் பார்த்தார். விளக்கைக் காட்டிக் கண்ணைப் பார்த்தார். பிறவியிலேயே செவிடு, மருந்து கிடையாது என்று இந்தியில் பொறுமையாகச் சொன்னார். உடம்பில் ஒரு திட்டுக்கூட இல்லாமல் முழு வெள்ளையாகப் பிறக்கும் சில நாய்களுக்கு இப்படி ஆவதுண்டாம். நான் அண்ணாச்சியின் கிடங்கில் என் செருப்பைக் கடித்த குட்டியை நினைத்தேன். நீயும் அதைத்தான் நினைத்திருப்பாய். கிளம்பும்போது வைத்தியர் துரையின் தொடையைத் தட்டி, "இது ஓடுகிற நாய். கட்டியே போட்டால் கெட்டுப்போகும்," என்றார். "விட்டால்?" என்று கேட்டாய். "விட்டால் எப்படிக் கூப்பிடுவீர்கள்?" என்றார்.

அந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில்தான் நாம் அந்தக் குளிர்காலத்தைக் கழித்தோம்.

துரை வளர்ந்துகொண்டே போனது. கால்கள் கம்பு மாதிரி நீண்டன. அந்த ஒற்றை அறையில் அது கதவிலிருந்து ஜன்னலுக்கும் ஜன்னலிலிருந்து கதவுக்கும் நடந்தது. தன் குரல் தனக்கே கேட்காததால், குரைக்கும்போது ஊளையுமில்லாமல் குரைப்புமில்லாமல் ஒரு சத்தம் வரும். பக்கத்து அறைக் குழந்தை பயந்து அழும். நீ கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலையில் அதோடு ஓடினாய். லாரிகள் ஆரன் அடித்துக்கொண்டு வரும் சாலை. அது நாலு கால் பாய்ச்சலில் போக நினைக்கும். நீ இரண்டு காலோடு பின்னால் இழுபட்டுப் போவாய். "நாயை இவன் கூட்டிப் போறானா, இவனை நாய் கூட்டிப் போகுதா?" என்று மாவ்ஷி தன் இந்தியில் கேட்பாள். உள்ளங்கையில் கயிறு அறுத்த தழும்போடு நீ ஷிப்டுக்குப் போவாய்.

அண்ணாச்சி விஷயம் கேள்விப்பட்டு ஆளனுப்பினார். போனோம். திட்டுக் காதுக்காரன் கிடங்கு வாசலில் நின்றான். அவர் ஒரு சொடக்குப் போட்டதும் ஓடி வந்தான். "மனசுல ஒண்ணும் வெச்சுக்காதேயும் தம்பி, எனக்கும் தெரியாது. இதைக் கொண்டு போம். அதை இங்க விட்டுரும்," என்றார்.

"விட்டா?"

"ஒரு மூலைல கெடக்கும். காவலுக்கு ஆவாது... இல்ல, முனிசிபாலிடி வண்டி வரும்போது..." அவர் முடிக்கவில்லை. நல்ல மனிதர்.

நீ திட்டுக் காதைக் குனிந்து தடவினாய், முதல் தடவையாக. பிறகு, "இருக்கட்டும் அண்ணாச்சி. மறு இருக்குன்னு அதை நான் தள்ளினேன். காது இல்லன்னு இதையும் தள்ளினா, அந்த வீட்டுக்காரனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?" என்றாய்.

நான் வாத்தியார் இல்லையா? என்னால் முடிந்தது கற்றுக்கொடுப்பதுதான். பிஸ்கெட்டைக் காட்டி, வலது கையை உயரத் தூக்கினால் வர வேண்டும் என்று பழக்கினோம். துரை புத்திசாலி. சீக்கிரம் பிடித்துக்கொண்டது. தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் நின்று நீ கையைத் தூக்கினால் இந்தக் கோடியிலிருந்து பறந்து வரும். பிள்ளைகள் எல்லாம் கையைத் தூக்கிப் பார்த்தார்கள். நமக்கு நம்பிக்கை வந்தது. அதில் ஒரே ஒரு குறைதான். அது நம்மைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் டிராம்பே பக்கத்துக் கழிமுகத்துக்குப் போனோம். உப்பளம் தாண்டி வெட்டவெளி. லாரி இல்லை, ஆள் இல்லை. நெடுந்தூரத்துக்குச் சேறும் காய்ந்த மண்ணும், அதற்கப்பால் அலையாத்திப் புதர்கள், அதற்கும் அப்பால் தண்ணீர். துரை கயிற்றை இழுத்துக்கொண்டு நடுங்கியது. "ஒரு தடவை ஓடட்டும் வே. ஒரு தடவை," என்றாய். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டியே வைத்திருக்கலாம் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

கழுத்துக் கொக்கியைக் கழற்றினாய்.

அப்படி ஒரு ஓட்டத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அது ஓடியதாகவே தெரியவில்லை. தரை அதன் கீழே நழுவிப்போன மாதிரி இருந்தது. பெரிதாக ஒரு வட்டம் போட்டு நம்மிடம் திரும்பியது. நீ கையைத் தூக்கியதும் வந்து உன் மேல் மோதியது. உன்னைத் தள்ளிவிட்டு மறுபடி ஓடியது. நீ சேற்றில் உட்கார்ந்தபடி, "எங்கய்யா பாக்கணும் வே இதை!" என்று கத்தினாய். மறு வட்டம் இன்னும் பெரிது. அதற்கடுத்து அலையாத்திப் புதரிலிருந்து நாரைகள் கூட்டமாக எழும்பின. துரை அவற்றைப் பார்த்துவிட்டது.

நீ கையைத் தூக்கினாய். நானும் தூக்கினேன். நான் சட்டையைக் கழற்றி ஆட்டினேன். ஒரு தடவை தலையைத் திருப்பியிருந்தால் போதும். அது பறவைகளைத்தான் பார்த்தது. வெள்ளைப் பறவைகளுக்குக் கீழே ஒரு வெள்ளைப் புள்ளி, பிறகு புதர், பிறகு ஒன்றுமில்லை.

"துரை! வாலே! வந்துருலே!" என்று நீ கத்தினாய். நானும் கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினோம். தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. சேற்றில் முழங்கால் வரை இறங்கினோம். அதற்குமேல் உப்பள ஆட்கள் விடவில்லை, கையைப் பிடித்து இழுத்து வரப்பில் ஏற்றினார்கள். வரப்பில் நின்றும் நீ கத்திக்கொண்டிருந்தாய். அவர்களில் ஒருவர், நாய் ரொம்பத் தூரம் போயிருக்கும், கேட்காது என்றார். நீ அவரைப் பார்த்து, "கிட்ட இருந்தாலும் கேக்காதுங்க," என்றாய். பிறகு என்னிடம், "எனக்குத் தெரியும் வாத்தியாரே. வாய் நிக்க மாட்டேங்குது," என்றாய்.

அடுத்தடுத்து எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் போனோம். மீன்பிடிப்பவர்களைக் கேட்டோம். மாஹுல் பக்கம் ஒரு வெள்ளை நாயைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். போனால் அது வேறு நாய். சேறு கொண்டுபோயிற்றா, தண்ணீரா, எங்காவது கரையேறி யாராவது எடுத்து வளர்த்தார்களா, இன்றுவரை தெரியாது. உன் அப்பாவுக்கு ஒன்றும் எழுத வேண்டாம் என்றாய். அவர் கடைசிவரை ஊரில் அந்தப் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

நீ மறுபடி நாய் வளர்க்கவில்லை. கல்யாணுக்குக் குடிபோன பிறகு உன் பிள்ளைகள் கேட்டபோதும், "நம்ம வீடு சின்னது" என்று முடித்துவிட்டாய். நான் பள்ளிக்கூடத்தில் இருந்த காலம் முழுக்க, ஜூன் மாதம் புது வகுப்பு வந்ததும் ஒரு காரியம் செய்வேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கும்போது பின்வரிசைக்குப் பின்னால் போய்க் கை தட்டுவேன். எல்லாத் தலைகளும் திரும்பும். ஒரு வருடம் ஒரு தலை திரும்பவில்லை. திமிர் பிடித்த பெண் என்று முந்தைய வகுப்பில் பெயர் வாங்கியிருந்தாள். அவளை முன்வரிசையில், என் உதடு தெரியும் இடத்தில் உட்கார வைத்தேன். அவள் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் அழுதார். அதற்குமேல் என்னால் என்ன செய்ய முடிந்தது? உன்னிடம் வந்து சொன்னேன். நீ எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாய்.

கல்யாண் ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது கண்ணை மூடிக் கிடந்தாய். மூக்கில் குழாய். "பெரியப்பா, அப்பாவுக்கு இனிமே ஒண்ணும் கேக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு," என்றான் உன் மகன். தலையாட்டினேன். எனக்குப் புரிந்தது. சுற்றிலும் உன் பேரப்பிள்ளைகள் நின்றார்கள்; தமிழைவிட இந்தி சரளமாக வரும் பிள்ளைகள். என்னை ஒரு மரியாதைக்குரிய மாஸ்டராக மட்டுமே அறிந்தவர்கள்.

நான் உன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "லேய், வாலே, வந்துருலே" என்று கூப்பிட்டேன். நர்ஸ் ஓடி வந்து என் தோளைத் தொட்டாள். பிள்ளைகள் பயந்து பார்த்தார்கள். வாய் நிற்கவில்லை.